கல்லுல அடிச்ச கர்னல்: 41,000 ரூபா விட்ட கதை

மொதல்லயே சொல்லிடறேன், எங்க அண்ணன் இப்ப நெஜமாவே கர்னல்தான், அதுல சந்தேகம் வேணாம். ஆனா அவரு கர்னல் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நான் அவர கர்னல் ஆக்கிட்டேன். பத்திரத்துல ஆக்கினேன், விசேஷ அழைப்புப் பத்திரிகைல ஆக்கினேன், பிளெக்ஸ்ல ஆக்கினேன், கடைசில கருங்கல்லுல அடிச்சே வெச்சுட்டேன். எல்லாத்தையும் திரும்ப அழிக்கறதுக்குள்ள கையில இருந்து போனது 41,000 ரூபா, அலைஞ்ச நாள் கணக்கே இல்ல. அண்ணன் அருணாச்சல்ல, அண்ணி பெங்களூர்ல, ஊர்ல நான் ஒருத்தன். யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாம தலைய பிச்சுக்கிட்டேன். மிலிட்டரில சொந்தக்காரங்க இருக்கற குடும்பம் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நெறைய இருக்கு, யாராவது இத படிச்சுட்டு பிரஸ்ஸுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னா சரி.

நாங்க காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டன்ல டிரெய்னிங் எடுத்து 24 வருஷம் சர்வீஸ் போட்டு 2004-ல ஹவில்தாரா வந்தவரு, வரும்போது ஹானரரி நாயப் சுபேதார்னு ஒரு கௌரவப் பட்டம் குடுத்து அனுப்பினாங்க. அண்ணன் படிச்சு பரீட்சை எழுதி ஆபீசராவே போயிட்டாரு. நான் ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கேன். 2024-ல மாசி முடியற நேரம், கடைல இருக்கும்போது அண்ணி போன் பண்ணாங்க, "தம்பி, போர்டு ரிசல்ட் வந்துடுச்சு, உங்கண்ணன் கர்னலுக்கு அப்ரூவ் ஆயிட்டாரு"ன்னு. என் காதுல விழுந்தது "கர்னல் ஆயிட்டாரு" மட்டும்தான். 'அப்ரூவ்'ங்கற வார்த்தை எங்க போச்சுன்னே தெரியல. மொத தடவ போர்டுல வராம, மறுபடி பாக்கற ரிவியூல தான் பேர் வந்திருக்கு, அந்த ஒரு வருஷம் அண்ணன் யாரோடயும் சரியா பேசல, அதனால எங்களுக்கு சந்தோஷம் ரெண்டு மடங்கு. அன்னிக்கே ரெண்டு கிலோ மைசூர்பாகு வாங்கி தெருவுல குடுத்தேன். அப்பா ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டு "இன்னும் குத்தலயே"ன்னாரு. எனக்கு புரியல, பல்லுல எதோ குத்துதுன்னு சொல்றாருன்னு நெனச்சு தண்ணி எடுத்துட்டு வந்து குடுத்தேன். அவரு சொன்னது தோள்ல குத்தற ஸ்டார.

இப்ப தெரிஞ்சத அப்பவே தெரிஞ்சிருந்தா எல்லாமே மிச்சம், அதனால இங்கயே சொல்லிடறேன். நம்ம ஆர்மில ஒரு ஆபீசர் லெப்டினன்ட்டா உள்ள போனா 2 வருஷத்துல கேப்டன், 6 வருஷத்துல மேஜர், 13 வருஷத்துல லெப்டினன்ட் கர்னல், இதெல்லாம் சர்வீஸ் கணக்குல வர்றது. அதுக்கு மேல கர்னல்ல இருந்து எல்லாமே செலக்‌ஷன். லெப்டினன்ட் கர்னல கர்னலாக்க பாக்கறது நம்பர் 3 செலக்‌ஷன் போர்டு. அதுல பாஸ் ஆனா "அப்ரூவ்டு", "எம்பேனல்டு"ன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான், கர்னல் ஆயிட்டாருன்னு அர்த்தம் இல்ல. அதுக்கப்பறம் வேகன்ஸி வரணும், மெடிக்கல் கேட்டகரி சரியா இருக்கணும், டிசிப்ளின், விஜிலென்ஸ்ல எந்த கேஸும் இல்லன்னு கிளியரன்ஸ் வரணும், போஸ்டிங் ஆர்டர் வரணும், அந்த எடத்துக்கு நேர்ல போய் சார்ஜ் எடுக்கணும், அன்னிக்குதான் ரேங்க் தோள்ல ஏறும். அண்ணன் விஷயத்துல அது ஒரு பட்டாலியன் கமாண்ட், அங்க ஏற்கனவே இருக்கற சிஓ, அதாவது கமாண்டிங் ஆபீசர், காலி பண்ணாதான் இவரு உள்ள போக முடியும். போர்டு ரிசல்ட்டுக்கும் தோள்ல ஏறறதுக்கும் நடுவுல பல மாசம் ஆகலாம், எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே ஆச்சு. அந்த நடு காலத்துல அவரு பேரு, சம்பளம், சல்யூட் எல்லாமே லெப்டினன்ட் கர்னலோடதுதான்.

செலக்‌ஷன்ல வராதவங்களுக்கு 26 வருஷம் சர்வீஸ் ஆனா டைம் ஸ்கேல்ல கர்னல் குடுப்பாங்க, பேரு எழுதும்போது கர்னல் (டி.எஸ்.)னு ஒரு பிராக்கெட் போடுவாங்க. ஒரு பிராக்கெட்டுக்கே அவங்க எவ்ளோ கணக்கு பாக்கறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, நான் முழு ரேங்க்கையே தூக்கி மாத்திட்டேன்.

மொத தப்பு பத்திரத்துல. ஊர்ல இருக்கற பழைய வீட்ட அண்ணன் பேருக்கு எழுதி வெச்சு, அது மேல பேங்க்ல லோன் போட்டு இடிச்சுக் கட்டலாம்னு பிளான். வைகாசில அப்பா அண்ணன் பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதறாரு. பத்திரம் எழுதறவரு "பையன் என்ன வேலை"ன்னு கேட்டாரு, நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு "இந்திய ராணுவத்தில் கர்னல்"னு சொன்னேன், அவரும் "கர்னல் அவர்கள்"னே அடிச்சுட்டாரு. அப்பா கண்ணாடிய போட்டு ஒரு ஒரு வரியா படிச்சுட்டு, "இது லெப்டினன்ட் கர்னல்னு இருக்கணும்டா"ன்னாரு. நான், "அப்பா அதெல்லாம் பழசு, இன்னும் ரெண்டு மாசத்துல அதுதான் ஆகப்போவுது, பத்திரம் நூறு வருஷத்துக்கு இருக்கும், அதுல போயி கம்மியா போடுவாங்களா"ன்னேன். அவரு ஒண்ணும் பேசாம கையெழுத்து போட்டாரு. அவரு சும்மா இருந்தா சரின்னு ஒத்துக்கிட்டாருன்னு நாம நெனச்சுக்கறோம் பாருங்க, அது தனி தப்பு.

பேங்க்ல லோன் பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு. ஆனி மாசம் அவங்க வக்கீல்கிட்ட லீகல் ஒபினியன் போனது திரும்பி வந்துச்சு. பத்திரத்துல கர்னல், சம்பள ஸ்லிப்ல லெப்டினன்ட் கர்னல், சர்வீஸ் ஐடி கார்டுல லெப்டினன்ட் கர்னல், ரெண்டும் ஒரே ஆளுதானா, பத்திரத்த திருத்திட்டு வாங்கன்னு. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. பேங்க்காரங்க வேணும்னே இழுத்தடிக்கறாங்கன்னு கத்திட்டு கூட வந்தேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு, அவங்க கேட்டது நியாயம்தான். அன்னிக்கு ராத்திரி அண்ணனுக்கு சிக்னல் கெடச்சு போன் பண்ணாரு. திட்டல, பொறுமையா சொன்னாரு. "டேய், போன வாரம் நியூஸ் பாத்தியா, புது ஆர்மி சீஃப் அறிவிச்சாங்களே"ன்னாரு. 2024 ஜூன் 11 ராத்திரி லெப்டினன்ட் ஜெனரல் உபேந்திர திவேதிதான் அடுத்த தளபதின்னு அறிவிச்சாங்க, அவரு பொறுப்பேத்தது ஜூன் 30. "அந்த 19 நாளும் அவரு லெப்டினன்ட் ஜெனரல்தான்டா, வைஸ் சீஃப் வேலையதான் பாப்பாரு. பேப்பர்காரன் 'புதிய தளபதி'ன்னு போடலாம், ஆனா கையெழுத்து போடும்போது ஜெனரல்னு போட முடியாது. அவருக்கே அப்படின்னா நான் எம்மாத்திரம்"ன்னாரு. அப்பதான் எனக்கு மண்டைல கொஞ்சம் ஏறுச்சு. கொஞ்சம்தான்.

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதணும்னா எழுதிக் குடுத்தவரும் வரணும், வாங்கினவரும் கையெழுத்து போடணும். அப்பா இருக்காரு, பிரச்சனை இல்ல, ஆனா அண்ணன் அருணாச்சல்ல இருக்காரு. நல்லவேளை போன லீவுல வந்தப்ப என் பேருக்கு பவர் எழுதிக் குடுத்துட்டு போயிருந்தாரு, அத பதிவும் பண்ணியிருந்தோம். அது இல்லன்னா அவரு லீவு கெடச்சு வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கணும். மிலிட்டரில ஆள் வெச்சிருக்கறவங்க இத ஒண்ண கண்டிப்பா செஞ்சு வெச்சுக்கோங்க, லீவுல வரும்போது நம்பிக்கையான ஒருத்தர் பேருல, எந்தெந்த வேலைக்குன்னு தெளிவா எழுதி, ஒரு பவர். பத்திர செலவு, எழுத்து கூலி, அலைச்சல் எல்லாம் 6,200, லீகல் ஒபினியன் மறுபடி 2,500. இதுக்குள்ள ஏழு வாரம் ஓடிப்போச்சு. மேஸ்திரிக்கு குடுத்த 10,000 அட்வான்ஸ் போயே போச்சு, அவரு ஓசூர்ல பெரிய வேலை கெடச்சு ஆளுங்கள கூட்டிட்டு போயிட்டாரு, "நீங்க சொன்ன தேதிக்கு நான் வந்தேன், நீங்கதான் ரெடியா இல்ல"ன்னாரு, பதில் சொல்ல வாய் இல்ல. இன்னொண்ணு, நான் மாச தவணைய கர்னல் சம்பளத்த வெச்சு கணக்கு போட்டிருந்தேன். ஏழாவது சம்பளக் கமிஷன்ல லெப்டினன்ட் கர்னல் 12ஏ லெவல், ஆரம்பம் 1,21,200. கர்னல் 13-வது லெவல், ஆரம்பம் 1,30,600. மிலிட்டரி சர்வீஸ் பே ரெண்டு பேருக்கும் அதே 15,500தான். போர்டு பாஸ் பண்ண நாள்ல இருந்து ஏறாது, சார்ஜ் எடுத்த நாள்ல இருந்துதான். பேங்க்காரங்க கையில இருக்கற ஸ்லிப்பதான் பாப்பாங்க, நாம மனசுல போட்ட சம்பளத்த இல்ல.

இவ்ளோ பட்டும் எனக்கு புத்தி வரல, அதான் பெரிய கொடுமை. என் மனசுல பதிஞ்சது என்னன்னா, கவர்மெண்ட் பேப்பர்ல மட்டும்தான் பழைய ரேங்க் போடணும், நம்ம வீட்டு விசேஷத்துக்கு என்ன போட்டா என்னன்னு. கார்த்திகைல அண்ணன் பேசும்போது "அனேகமா ஜனவரில மூவ் இருக்கும்"னாரு. அந்த 'அனேகமா'வையும் நான் மைசூர்பாகோட சேத்து முழுங்கிட்டேன். புது வீடு தைல கிரகப்பிரவேசம், அன்னிக்கே எங்க மாரியம்மன் கோயில்ல அம்மா நெனவா அண்ணன் கட்டிக் குடுத்த அன்னதானக் கூடத்தையும் தொறக்கறதுன்னு முடிவு. ஜனவரில கர்னல் ஆயிடுவாரு, விசேஷம் ஜனவரி கடைசில, கணக்கு சரியா இருக்குன்னு மார்கழிலயே எல்லாத்தையும் அடிச்சேன். பத்திரிகை 450, ஒண்ணு 24 ரூபா, 10,800. பத்துக்கு எட்டு சைஸ்ல பிளெக்ஸ் மூணு, சதுரடி 15 ரூபா, 3,600. வாசலுக்கு பித்தள நேம் போர்டு 2,400. கோயிலுக்கு கல்வெட்டு 16,500, நம்ம ஊர் கருப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ், அதுல தங்கக் கலர்ல "உபயம்: கர்னல்"னு அண்ணன் பேரு, கீழ அவரு யூனிட் நம்பர், இருக்கற எடம் எல்லாம். பிளெக்ஸ்லயும் அதே விவரம்தான். நான் தான் எல்லாம் எழுதிக் குடுத்தேன், பெருமையா இருக்கட்டும்னு.

பிளெக்ஸ் விசேஷத்துக்கு பத்து நாள் முன்னாடியே பஸ் ஸ்டாப்ல ஏறிடுச்சு. அதுல என்ன கூத்துன்னா, அண்ணன் யூனிஃபார்ம் போட்டோ என்கிட்ட தெளிவா இல்ல, டிசைன் பண்ற தம்பி "நான் பாத்துக்கறேண்ணா"ன்னு ஒரு ரெடிமேட் யூனிஃபார்ம் படத்துல அண்ணன் தலைய ஒட்டிட்டான். கலர பச்சையா மாத்தினான், அசோகச் சின்னம் வெச்சான், ரெண்டு ஸ்டார் வெச்சான், காலர்ல சிவப்பு பட்டை கூட வெச்சான், கர்னல்ல இருந்துதான் அந்த சிவப்பு பட்டைன்னு எங்கயோ பாத்திருக்கான். ஆனா அது போலீஸ் ஆபீசரோட படம், தோள்ல இருந்த ஐ.பி.எஸ். எழுத்த எடுக்க மறந்துட்டான். டீக்கடைல ஒருத்தர் "உங்கண்ணன் எப்பப்பா போலீஸ்க்கு மாறினாரு"ன்னு கேக்கறாரு. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அதுக்குள்ள ஒரு பையன் அத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சான், அது எங்கெங்கயோ சுத்தி சாயங்காலத்துக்குள்ள அண்ணனோட பேட்ச்மேட் ஒருத்தரு போனுக்கு போயிடுச்சு.

ராத்திரி பதினோரு மணிக்கு போன். "டேய், யாருடா கர்னல்?" அந்த குரல நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. ஜனவரி மூவ் தள்ளிப்போயிடுச்சு, அங்க இருக்கற சிஓவுக்கு எக்ஸ்டென்ஷன் மாதிரி ஏதோ, எப்ப வரும்னு அவருக்கே தெரியாது. கிளியரன்ஸ் பாத்துட்டு இருக்கற நேரம், மேல இருக்கறவங்க கண்ணுல, போடாத ரேங்க்க போட்டுக்கிட்ட ஆளா தெரியணுமான்னு கேட்டாரு. "பேட்ச்மேட் எல்லாம் 'சார் எப்ப ஸ்டார் குத்தற பிப்பிங், எங்களுக்கு சொல்லவே இல்ல'ன்னு கிண்டல் பண்றான், என் கமாண்டர் இத பாத்தா நான் என்னடா சொல்றது, தம்பி ஆசைப்பட்டு பண்ணிட்டான்னா?" அத விட அவருக்கு கோவம் வந்தது யூனிட் நம்பரும் எடமும் போட்டதுக்கு. பார்டர்ல எந்த யூனிட் எங்க இருக்குன்னு பஸ் ஸ்டாப்ல எழுதி வெச்சிருக்கியேன்னு. அதுக்கு மேல அவரு பேசல, போன வெச்சுட்டாரு. சத்தம் போட்டிருந்தா கூட பரவால்ல. நான் அந்த ராத்திரியே ஏணிய எடுத்துட்டு போயி மூணு பிளெக்ஸையும் ஒத்த ஆளா கழட்டினேன், நாய்ங்க வேற கொலைக்குது, திருடன்னு நெனச்சு ஒரு வீட்டுல லைட்ட போட்டுட்டாங்க.

இதுல யூனிஃபார்ம் படம் ஒட்டறத பத்தி மட்டும் ஒரு வார்த்த. ஒட்டவே ஒட்டாதீங்க. வேட்டி சட்டைல ஒரு நல்ல போட்டோ போதும். ஸ்டார் எண்ணிக்கை, பட்டை, பெல்ட், எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு, பிளெக்ஸ் கடை தம்பிக்கு அது தெரியாது, நமக்கும் தெரியாது. சுபேதார் தோள்லயும் ரெண்டு ஸ்டார், லெப்டினன்ட் தோள்லயும் ரெண்டு ஸ்டார், சுபேதாருக்கு மட்டும் அதோட ஒரு பட்டை வரும், அந்த ஒரு பட்டைல ஒருத்தர் ஜேசிஓ, அதாவது ஆபீசருக்கு கீழ வர்ற ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர், இன்னொருத்தர் ஆபீசர்.

அடுத்த நாள் நெட்ல தேடினேன், ஏதாவது வழி கெடைக்குமான்னு. கெடச்சுச்சு, அதுதான் அடுத்த ஆப்பு. பிரமோஷனுக்கு தேர்வாகி இன்னும் ரேங்க் போடாதவங்கள "செலக்ட்"னு எழுதுவாங்கன்னு போட்டிருந்துச்சு, கேப்டன் செலக்ட், கர்னல் செலக்ட்ன்னு. எனக்கு போன உசுரு வந்துச்சு. பிரஸ்காரர்கிட்ட போயி சின்னதா "(செலக்ட்)"னு ஸ்டிக்கர் அடிச்சு எல்லா பத்திரிகைலயும் ஒட்டிடலாம், 450 ஸ்டிக்கர் எவ்ளோன்னு வெல கூட பேசிட்டேன். ஸ்டிக்கர் அடிக்க விடறதுக்கு முன்னாடி, இந்த தடவையாவது கேட்டுடலாம்னு அண்ணிக்கு மெசேஜ் போட்டேன், அவங்க அண்ணன்கிட்ட காட்டியிருக்காங்க. ரெண்டு நாளா பேசாம இருந்த மனுஷன் சிரிச்சுட்டாரு. "டேய் அது அமெரிக்காக்காரன் பழக்கம்டா"ன்னாரு. அவங்க நேவி, ஏர்ஃபோர்ஸ், மரைன்ல தான் செலக்ட்னு எழுதறது, அவங்க ஆர்மில ரேங்க்குக்கு பக்கத்துல பிராக்கெட்ல ஒரு 'பி' எழுத்து போடுவாங்களாம், பிரமோட்டபிள்னு அர்த்தம். இன்னும் ஒரு படி மேல போயி 'ஃப்ராக்கிங்'னு ஒண்ணு இருக்காம், பிரமோஷன் தேதி வர்றதுக்கு முன்னாடியே புது ரேங்க்க போட்டுக்க அனுமதி குடுப்பாங்க, ஆனா சம்பளம் பழசுதான். நம்ம ஆர்மில இந்த நடு காலத்துக்குன்னு பேருக்கு முன்னாடி போட்டுக்கற பட்டம் கெடையாது. வாய்ல பேசும்போது அப்ரூவ்டுன்னு சொல்லிக்கலாம், எழுதும்போது கையில என்ன ரேங்க் இருக்கோ அதேதான். 'டெசிக்னேட்'னு பேப்பர்ல பாப்பீங்க, அது பெரும்பாலும் தளபதி மாதிரி ஒரு குறிப்பிட்ட பதவிக்கு பேர் அறிவிச்சுட்டாங்க, இன்னும் உக்காரலங்கறதுக்கு, ரேங்க்குக்கு இல்ல. சுருக்கமா, நெட்ல பாக்கும்போது எந்த நாட்டு கதைன்னு மொதல்ல பாருங்க.

அப்பறம் சாப்பாட்டு நேரத்துல இத எல்லாம் எங்க வீட்டம்மாகிட்ட பொலம்பினேன், அவங்க கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர். "இதுல என்ன புதுசு, எங்கள்ல எச்.எம். பேனல்ல பேர் வந்தா எச்.எம்.னு கையெழுத்து போட முடியுமா, கவுன்சிலிங் முடிஞ்சு ஆர்டர் வாங்கி ஸ்கூல்ல ஜாயின் பண்ணாதான"ன்னாங்க, ரசத்த ஊத்திக்கிட்டே. "இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" "நீங்க கேட்டீங்களா?" அவ்ளோதான், அதுக்கு மேல அந்த வீட்ல பேச்சு இல்ல.

பத்திரிகை 120 வீட்டுக்கு ஏற்கனவே வெச்சாச்சு. மிச்சத்த நிறுத்திட்டு, ரேங்க்கே இல்லாம வெறும் பேரு மட்டும் போட்டு ரெண்டாவது தடவ சாதாரண காகிதத்துல அடிச்சேன். அந்த 120 வீட்டுக்கும் மறுபடி போகணுமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். போனேன். பாதி பேருக்கு வித்தியாசமே தெரியல, "ஏம்பா மறுபடி வெக்கற, மொய் ரெண்டு தடவ வெக்கணுமா"ன்னு ஜோக் அடிச்சாங்க. நாலஞ்சு பேரு மட்டும் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு, "ஓ, இன்னும் கர்னல் ஆகலையா"ன்னு ஒரு மாதிரி கேட்டாங்க. அந்த 'ஓ' இருக்கே, அது 10,800 ரூபாய விட வலிச்சது. அதுல ஒருத்தரு என் சொந்த சித்தப்பா.

கல்லுதான் பெரிய தலவலி. காகிதத்த கிழிச்சு போடலாம், கல்ல என்ன பண்றது. கல் பட்டறைக்கு போனேன், அவரு வயசானவரு, நெதானமா எழுத்துக்குள்ள நகத்த விட்டு பாத்தாரு. "மூணு மில்லி எறங்கி இருக்கு தம்பி, பேஸ்ட் வெச்சு ரொப்பலாம், ஆனா வெயில்ல ரெண்டு வருஷத்துல வெளுத்து 'கர்னல்'னு நெழல் மாதிரி தெரியும்"னாரு. கருப்பு கல்லுல ரொப்பின எடம் மங்கலா தனியா தெரிஞ்சுடுமாம். புது கல்லுன்னா மறுபடி பதினாறாயிரம். கடைசில அவரே வழி சொன்னாரு, கல்லு இருபது மில்லி கனம் இருக்கு, மொகத்த மொத்தமா நாலு மில்லி எறக்கி, மறுபடி பாலிஷ் போட்டு, புதுசா எழுத்து வெட்டலாம்னு. 5,500. செய்யறதுக்கு முன்னாடி கேட்டாரு, "இப்ப என்ன எழுதறது, லெப்டினன்ட் கர்னல்னா? நாளைக்கு அவரு கர்னல் ஆனா மறுபடி கொண்டு வருவீங்களா, இன்னும் ஒரு தடவதான் எறக்க கனம் இருக்கு"ன்னு சிரிக்கறாரு. எனக்கும் அதே கொழப்பம்.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட போயி உக்காந்தேன். ஒரு வருஷமா அவருதான் சொல்லிட்டு இருக்காரு, நான்தான் கேக்கல. "அப்பா, நீங்க ஏன் அன்னிக்கு பத்திரத்துல கையெழுத்து போடும்போது சண்ட போடல"ன்னு கேட்டேன். அவரு அதுக்கு பதில் சொல்லல, வேற கதை சொன்னாரு. 2001-ல அவரு நாயப் சுபேதார் பிரமோஷனுக்கு உண்டான கேடர்ங்கற பயிற்சி, பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணியிருக்காரு. வேகன்ஸி வந்தா ரேங்க். சந்தோஷத்துல அம்மாவுக்கு லெட்டர் போட்டிருக்காரு, "இனிமே உன்ன சுபேதார் சம்சாரம்னு கூப்பிடுவாங்க"ன்னு வெளையாட்டா ஒரு வரி எழுதி. அம்மாவுக்கு அது வெளையாட்டா தெரியல, ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, கெணத்தடில கூட 'சுபேதார் வீட்டம்மா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சு, ரெண்டு வருஷம் ஆச்சு, வேகன்ஸி வரல, அவருக்கு சீனியரா இருந்தவங்களுக்கு போயிட்டே இருந்துச்சு, 2004-ல சர்வீஸ் முடிஞ்சு ஹவில்தாராவே வந்தாரு. வரும்போது ஹானரரி குடுத்தாங்க, ஆனா அதனால அப்ப பென்ஷன்ல பெருசா எதுவும் ஏறல. ஊர்ல சில பேரு வேணும்னே அம்மாவ "என்ன சுபேதாரம்மா, எங்க ஸ்டார காணோம்"னு கேட்டிருக்காங்க. அம்மா அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் திருவிழாவுக்கு கோயிலுக்கே போகலையாம். எனக்கு அப்ப பத்து பன்னெண்டு வயசு, அம்மா ஏன் வரலன்னு கேட்டதில்ல. "உங்கண்ணனுக்கு வந்துடும்னு எனக்கும் ஆசதான், அதான் பத்திரத்துல வாய மூடிக்கிட்டேன்"ன்னாரு.

அந்த கோயிலுக்குதான் அம்மா பேருல கூடம் கட்டறோம். அந்த கோயில் செவுத்துலதான் வராத ரேங்க்க நான் அடிச்சு வெச்சிருந்தேன். காலைல பட்டறைக்கு போயி ரேங்க்கே வேணாம்னு சொல்லிட்டேன். அம்மா பேரு மேல, "நினைவாக மகன்கள்"னு கீழ, அவ்ளோதான். அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன், ஒரு கட்டவெரல் மட்டும் வந்துச்சு.

தையில விசேஷம் நல்லபடியா நடந்துச்சு, அண்ணனால வர முடியல. யாரும் ரேங்க் எங்கன்னு கேக்கல, கோழி கொழம்பு பத்தலன்னுதான் பேச்சு. கணக்குல பாத்தா பத்திரம் 8,700, மேஸ்திரி 10,000, பத்திரிகை, பிளெக்ஸ், நேம் போர்டு, கல் திருப்பி செதுக்கினது எல்லாம் 22,300, மொத்தம் 41,000. இது என் பணம், அண்ணன்கிட்ட கேக்க மனசு வரல, அவரு குடுக்க வந்தாரு, வாங்கல. நீங்க யாராவது இப்ப இந்த மாதிரி எடத்துல இருந்தீங்கன்னா, எழுதறதுக்கு முன்னாடி அவங்க இந்த மாச சம்பள ஸ்லிப்ல என்ன ரேங்க் இருக்குன்னு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அத பாத்து அப்படியே எழுதுங்க, வேற யாரையும் கேக்க வேணாம். ரிடையர் ஆனவங்க பேருன்னா ரேங்க், அப்பறம் பேரு, கடைசில (ஓய்வு). ரேங்க்குக்கு பக்கத்துல ஓய்வுன்னு போட்டா அவங்களுக்கு புடிக்காது, மனுஷன்தான் ரிடையர் ஆவான், ரேங்க் ஆவாதுன்னு சொல்லுவாங்க. எங்கப்பா வாசல் போர்டுல நான் அதையும் தப்பாதான் எழுதி வெச்சிருந்தேன், பல வருஷமா, அவரு ஒரு வார்த்த சொல்லல.

பங்குனில ஒரு நாள் மத்தியானம் அண்ணிகிட்ட இருந்து போட்டோ வந்துச்சு. பிப்பிங் செரிமனி. ஒரு பக்கம் தோள்ல அவங்க சீனியர் ஒருத்தரு குத்தறாரு, இன்னொரு பக்கம் அண்ணி குத்தறாங்க, காலர்ல சிவப்பு பட்டை. நான் கடைய அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா கண்ணாடிய தேடி எடுத்து, போன வாங்கி, ரெண்டு வெரல வெச்சு தோள பெருசாக்கினாரு. அசோகச் சின்னம் ஒண்ணு. ஸ்டார் ஒண்ணு, ரெண்டு. மறுபடி மொதல்ல இருந்து எண்ணினாரு. போன என்கிட்ட குடுத்துட்டு, "அந்த நேம் போர்ட தூக்கிப் போட்டுட்டியா, இருக்கா?"ன்னு கேட்டாரு. பரண்ல இருந்துச்சு, 2,400 ரூபா பித்தளையாச்சே, தூக்கிப் போட மனசு வரல. எறக்கி புளி போட்டு தேச்சு அவரே வாசல்ல புடிச்சுக்கிட்டு நின்னாரு, "ம், இப்ப அடி ஆணிய"ன்னாரு.